குகைக்குள் பதினோரு விநாடி

என் மகள் போன மாதம் தன் பிள்ளைகளை ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் வந்தாள். வந்ததும் எனக்குப் போன் செய்து முக்கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினாள். அங்கே முப்பத்திரண்டு விளையாட்டுகள் இருந்தனவாம். அதில் ஒன்று, ஆட்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டே ஓடும் ரயில். நான் அதற்கு எத்தனை பெல்ட் என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "நம்ம அணை ரயிலை இப்பப் பாத்தா சிரிப்புத்தான்ப்பா வரும். சின்ன வயசுல பெரிசாத் தெரிஞ்சுச்சு, அம்புட்டுத்தான்" என்றாள்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றைப் போய்ப் பார்க்காமலே, அளந்து பார்க்காமலே சிரிப்பு வரும் என்று எப்படிச் சொல்வது? முப்பத்து நான்கு வருடம் தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். மறு வாரமே பஸ் ஏறி வைகை அணைக்குப் போனேன்.

எந்த ரயில் என்று சொல்லிவிடுகிறேன். அணைக்குக் கீழே பூங்காவில் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன ரயில் ஓடியது. டீசல் எஞ்சின் ஒன்று, பெட்டி நான்கு. பெட்டிக்கு நான்கு பலகை, பலகைக்கு இரண்டு பேர், ஆக முப்பத்திரண்டு பேர் போகலாம். பூச்செடிகளைச் சுற்றி, வாய்க்காலைத் தாண்டி, சிமெண்டில் மலை மாதிரி கட்டிய ஒரு குகைக்குள் நுழைந்து வெளியே வந்து, புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம் நாற்பது விநாடி. குகைக்குள் இருட்டு பதினோரு விநாடி. நான் ஒரு தடவை பார்த்துச் சொல்லவில்லை. ஒன்பது வருடத்தில் நாற்பத்தொரு சுற்றுப் போயிருக்கிறேன்.

வளர்ந்த ஆள் நாற்பத்தொரு சுற்று ஏன் போனான் என்று கேட்கலாம். வீட்டில் பேச இடமில்லை. அதுதான் காரணம்.

அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. கடைவீதியில் பெரிய அண்ணனுக்குப் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அதில் பதினான்கு பேர். அண்ணன்மார் இரண்டு பேர், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், எங்கள் அம்மா, கடைசியாக நானும் என் மனைவியும். ஆண்கள் கடைக்குள் மூட்டைகளுக்கு நடுவே படுப்போம். பெண்கள் வீட்டுக்குள். மாடியில் ஒரே ஒரு அறை. அதை மூன்று தம்பதியரும் முறை வைத்துக்கொள்ள வேண்டும். யாருடைய முறை என்பதைப் பெரிய அண்ணிதான் சொல்வாள். அந்த அறைக்குச் சுவர் கிடையாது, பலகைத் தடுப்புத்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கட்டில். அம்மாவுக்கு இருமல். நாங்கள் மூச்சு விட்டால் அம்மா இருமுவாள்.

பகலில் பேச முடியாது. எங்கள் வீட்டில் மூத்தார் முன்னால் ஒரு பெண் தன் புருசனிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை. சோறு ஆறுகிறது என்றால்கூட, "சித்தப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று ஒரு பிள்ளையிடம்தான் சொல்ல வேண்டும். பிள்ளை எனக்கு முன்னால்தான் நிற்கும். நானும் அவளுக்கு நாலு அடி தூரத்தில்தான் இருப்பேன். இருந்தாலும் பிள்ளை திரும்பி என்னிடம், "சித்தி சாப்பிட வரச் சொன்னாக" என்று முழுசாகச் சொல்லும். கல்யாணமாகி நான்கு மாதம் இப்படி ஓடியது. அவள் தேவதானப்பட்டிக்காரி. விவசாய வீட்டுப் பெண். அங்கே காட்டிலும் கிணற்றடியிலும் சத்தமாகப் பேசி வளர்ந்தவள் என்று அவள் தங்கை பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வருடத்துக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் கடையை மத்தியானம் வரை மட்டும் திறந்துவிட்டு, எல்லோரையும் அணைக்குக் கூட்டிப்போவார். புளிச்சோறு, தேங்காய்த் துவையல், அப்பளம். அம்மா மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவாள். பெரிய அண்ணிக்குக் குகை இருட்டைக் கண்டால் தலை சுற்றும். சின்ன அண்ணி கைக்குழந்தைக்காரி. பிள்ளைகளைத் தனியாக ரயிலில் ஏற்ற முடியாதல்லவா? "நீங்க ரெண்டு பேரும் ஏறிப் பாத்துக்கங்க" என்று பெரிய அண்ணிதான் முதல் தடவை எங்களைத் தள்ளிவிட்டாள். பிள்ளைகள் எஞ்சினுக்கு அடுத்த பெட்டிக்கு அடித்துக்கொண்டு ஓடின. நாங்கள் கடைசிப் பெட்டியில் கடைசிப் பலகையில் உட்கார்ந்தோம். பலகை சிறியது. தோள் இடித்தது.

குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் வெடி போட்டாலும் கேட்காது. அவள் என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து சொன்னாள்:

"நீங்க வாத்தியாருன்னு தெரியும். என்ன பாடம்னு யாருமே சொல்லல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் யோசிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. "கணக்கு" என்று நான் சொன்னபோது எங்களுக்கு முன் பலகையில் இருந்த யாரோ ஒரு ஆள் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு இது எங்களுக்குள் ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. ஒரு சுற்றுக்கு அவள் ஒரு வாக்கியம் சொல்வாள். அதற்கு மேல் நேரம் இருக்காது. "அன்னைக்குக் குழம்புல உப்பு இல்லைன்னு சொன்னீகள்ல, அது அக்கா வைக்கல, நான் வச்சது" என்று ஒரு தடவை. "தூங்கையில நீங்க வாய்ப்பாடு சொல்றீக, அத்தைகூடச் சிரிச்சாக" என்று ஒரு தடவை. வீட்டுக்கு வந்த பிறகு அவள் சொன்ன வாக்கியத்தை வைத்துக்கொண்டு அடுத்த பயணம் வரை, இரண்டு மாதமோ மூன்று மாதமோ, யோசித்துக்கொண்டிருப்பேன். நாற்பத்தொரு சுற்று, சுற்றுக்குப் பதினோரு விநாடி. மொத்தம் ஏழு நிமிடம் முப்பத்தொரு விநாடி.

எனக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. என் மாமனார் கல்யாணத்துக்கு ஒரு கைக்கடிகாரம் போட்டிருந்தார். இருட்டில் பச்சையாக மின்னும் ரேடியம் முள் வைத்தது. குகைக்குள் நுழைந்தவுடன் என் கண் தானாக அதற்குப் போய்விடும். அவள் பேசிக்கொண்டிருப்பாள், நான் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நேரம் முடியப் போகிறதே என்ற பயம்தான். காதில் கேட்காமல் இல்லை.

மூன்றாம் வருடம் ஒரு சுற்றில் அவள் சொன்னாள்: "பங்களாமேட்டுல ஒரு வீடு காலியா இருக்காம், ரெண்டு ரூம்பு, கெணறு இருக்கு."

அதுவரை அவள் சொன்னதெல்லாம் வேடிக்கை. இது வேடிக்கை இல்லை என்று தெரிந்தது. அப்போது அவள் வயிற்றில் என் மகள் ஐந்து மாதம். நான் முள்ளைப் பார்த்தேன். எட்டு, ஒன்பது, பத்து. வெளிச்சம் வந்தது. இறங்கும்போது பிள்ளைகளை எண்ணுகிற சாக்கில் குனிந்து, "அடுத்த தடவை சொல்றேன்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். அண்ணன் தன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார்ந்து, என்னை மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அவரிடம் போய்த் தனிக்குடித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நான் கேட்டால்தானே சொல்வதற்கு? ஒரு நாள் காலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னலே?"

"ஒண்ணுமில்லண்ணே. மை தீந்துபோச்சு."

"அதுக்கு ஏன்லே மொகத்த இப்படி வச்சிருக்க? இழவு வீட்டுக்குப் போற மாதிரி? எடுத்துக்க."

மைப் புட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அடுத்த தடவை குகைக்குள் அவள், "யோசிச்சீகளா?" என்றாள். ஒரே ஒரு வார்த்தை. பத்து விநாடி மிச்சம் இருந்தது. ஆம் என்று சொல்லவும் இல்லை என்று சொல்லவும் ஒரு விநாடி போதும். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வீட்டுக்கு ஒரு தாலுகா ஆபீஸ்காரர் குடி வந்துவிட்டார்.

பிறகு அல்லிநகரத்தில் ஒரு வீடு. பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில் ஒன்று. நான்காவது, மறுபடி பங்களாமேட்டிலேயே. யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் விசாரித்திருப்பாள். ஒவ்வொரு வீட்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிச் சொல்வாள். வாசல் எந்தப் பக்கம், அடுப்படியில் புகை போக வழி உண்டா என்பதெல்லாம் அதற்குள் வந்துவிடும். நான் ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துக்கு வந்த பிறகு, "அடுத்த தடவை" என்றேன்.

வீட்டில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அண்ணன் கேட்டார்:

"ஏலே, பிள்ளைகளுக்குத்தான் ரயிலு. நீ என்னத்தலே பாக்கப் போற அதுல?"

"குகைண்ணே."

"குகைக்குள்ள என்ன இருக்கு?"

"இருட்டுத்தான்."

"இருட்டப் பாக்கவா படிக்க வச்சேன் ஒன்னய?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்தேன்.

கடைசிச் சுற்று ஒன்பதாம் வருடம். கடைசி என்று அப்போது தெரியாது. எங்கள் மகளுக்கு ஆறு வயது, முன் பெட்டியில் இருந்தாள். மகன் பிறந்திருந்தான், மரத்தடியில் அம்மா மடியில். குகைக்குள் நுழைந்தோம். பிள்ளைகள் கத்தின. அவள் காதுப் பக்கம் வரவில்லை. நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பாதி இருட்டு தாண்டியதும், குரலைத் தாழ்த்தாமல், சாதாரணமாகக் கேட்டாள்:

"எத்தனை?"

நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்கு எல்லா வருடமும் தெரிந்திருக்கிறது.

வெளிச்சம் விழுவதற்குள், "பதினொண்ணு" என்றேன். அவள் அந்தக் குகைக்குள் கேட்ட கேள்விகளில் நான் உள்ளேயே பதில் சொன்னது அது ஒன்றுதான்.

அடுத்த முறை போனபோது ரயில் நின்றுகிடந்தது. எஞ்சினுக்கு ஏதோ சாமான் வர வேண்டும் என்றார்கள். அதற்கடுத்த முறையும் அப்படியே. பிறகு பெட்டிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டு நாள் அழுதன.

அந்த வீட்டிலேயே அவள் நாற்பத்திரண்டு வருடம் இருந்தாள். அம்மா போனாள். அண்ணன்மார் போனார்கள். அண்ணிமார் பிள்ளைகளோடு மதுரைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். எங்கள் பிள்ளைகளும் வேலைக்குப் போய்விட்டன. பதினான்கு பேர் இருந்த வீட்டில் கடைசியில் நாங்கள் இரண்டு பேர். கேட்க யாரும் இல்லை, இருமவும் யாரும் இல்லை. அப்போதும் அவள் தாழ்ந்த குரலில்தான் பேசினாள், அதுவும் தேவைக்கு மட்டும். சோறு வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட ஒரு பிள்ளையைத் தேடுவது போல ஒரு நிமிடம் நிற்பாள். பிறகு தட்டை வைக்கும் சத்தம் கேட்கும்.

"இப்பத்தான் யாருமில்லையே, சத்தமாப் பேசேன்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"என்னத்தப் பேச? கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். நான்கு வருடத்துக்கு முன்னால், மாடிப் பலகை அறையில் இறந்துபோனாள்.

அணைக்குப் போனேன் என்று சொன்னேன். பூங்காவில் ஒரு மூலையில் எஞ்சின் கிடக்கிறது. மேல் தகரம் அரித்துப்போயிருக்கிறது. நான்கு பெட்டிகளில் மூன்றுதான் இருக்கின்றன. ஒன்றின் நடுவே வேப்பங்கன்று முளைத்து என் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. மகள் பார்த்தால் சிரிப்பாள்தான். இரும்பும் பலகையும் காலத்தைத் தாங்கவில்லை. சிமெண்டுக் குகை மட்டும் அப்படியே நிற்கிறது, சாயம்தான் போயிருக்கிறது.

தண்டவாளத்தைப் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். ஆனால் அது போன தடம் தெரிகிறது. தடத்தின் மேலேயே காலடி வைத்து எண்ணிக்கொண்டு நடந்தேன். ஒரு சுற்று ஐந்நூற்று அறுபது அடிவைப்பு. குகை பன்னிரண்டு. நம்பாமல் திரும்பப் போய் எண்ணினேன். பன்னிரண்டுதான்.

காவலாளி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "என்னய்யா, எதையும் தொலைச்சுட்டீகளா?"

"குகை சின்னதா இருக்கே."

"அது அம்புட்டுத்தான்யா. யாரும் வெட்டி எடுத்துட்டுப் போகல."

பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்நூற்று அறுபது அடிவைப்பு, இருநூற்று எண்பது விநாடி. விநாடிக்கு இரண்டு. பன்னிரண்டு அடிவைப்புக் குகைக்கு ஆறு விநாடிதான் ஆக வேண்டும். வயதான கால் எட்டிப் போடாது, சரி. ஆனால் விகிதம் மாறாது. குகைக்குள் பதினோரு விநாடி என்பதும் பொய்யில்லை, நாற்பத்தொரு தடவை பார்த்தது. அப்படியானால் மிச்சம் ஐந்து விநாடி எங்கிருந்து வந்தது? எனக்கு இது சரிப்படவில்லை. ஒரு கணக்கு இப்படி நின்றால் நான் அன்று தூங்க மாட்டேன்.

காவலாளிதான், ரயில் ஓட்டிய டிரைவர் ஜெயமங்கலத்தில் இன்னும் இருக்கிறார் என்று சொன்னார். பஸ் ஏறிப் போனேன். இரண்டு இடத்தில் விசாரித்ததும் வீடு தெரிந்தது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஒரு கண்ணில் பார்வை இல்லை. வாசலில் நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் விசயத்தைச் சொன்னதும் வீட்டுக்குள் பார்த்து, "ஆத்தா, காப்பி போடு. ரயிலப் பத்திக் கேக்க ஒரு ஆளு வந்திருக்காக" என்று மருமகளிடம் சத்தம் கொடுத்தார். பிறகு என் கணக்கைக் கேட்டார். கேட்டுவிட்டு, பல் இல்லாத வாயால் சிரித்தார்.

"கண்டுபிடிச்சிட்டீகளே சார். ஆறுதான். சோடி ஏறுனா பதினொண்ணு."

எனக்குப் புரியவில்லை.

"கடைசிப் பெட்டியில பூ வச்ச பொண்ணும் ஆம்பளையும் ஏறுனாகன்னா, குகைக்குள்ள போனதும் கால எடுத்துருவேன். வண்டி தானா உருளும். அந்தக் காலத்துல வீட்டுக்குள்ள எங்கன சார் பேச விட்டாக? எனக்கே கண்ணாலம் கட்டி ஆறு மாசம் பேசத் தோதில்ல. பாவம், ரெண்டு வார்த்த பேசிக்கிறட்டும்னு விட்டுப்பிடிக்கிறது. பெரிய ஆபீசர் ஒருத்தரு, ஏன்யா குகைக்குள்ள மெதுவாப் போறேன்னு கேட்டாரு. இருட்டுல தண்டவாளம் தெரியல சார்னேன்."

காப்பி வந்தது. ஆறு விநாடியாக இருந்திருந்தால் நேரம் போதவில்லை என்று நான் இத்தனை வருடம் எனக்குச் சொல்லிக்கொண்டது நியாயமாக இருந்திருக்கும். முகம் தெரியாத ஒரு ஆள் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் எனக்கு ஐந்து விநாடி கூடக் கொடுத்திருக்கிறார். நான் அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மொகம் ஒண்ணுகூட ஞாபகமில்ல சார்" என்றார் அவர். "முன்னால பாத்து ஓட்டுறவன்ல. பின்னால என்ன பேசுனாகன்னும் தெரியாது. பேசி முடிச்சிருப்பாகளான்னு நெனச்சுக்கிருவேன். நீங்க பேசி முடிச்சீகளா?"

"முடிச்சோம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. "சொல்லக்கூடிய விசயம்னாச் சொல்லுங்க சார்."

"வீடு பாக்குறதப் பத்தி. தனியாப் போறதப் பத்தி."

"போனீகளா?"

"போனோம். பங்களாமேட்டுல."

"நல்ல வீடா?"

"ரெண்டு ரூம்பு. கெணறு இருந்துச்சு. கெழக்குப் பாத்த வாசல். அவ பின்னால ஒரு முருங்கை வச்சா. காலையில கெணத்தடியில நின்னு, அடுத்த தெருவுக்குக் கேக்குற மாதிரி என்னயக் கூப்பிடுவா."

"அப்படிச் சொல்லுங்க!" என்று கட்டிலைத் தட்டினார். உள்ளே பார்த்து, "ஏத்தா, கேட்டியா? சும்மாவா ஓட்டுனேன்?" என்றார். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். "அந்த வீட்டுல எத்தன வருசம் இருந்தீக சார்?"

அவள் முதன்முதலாக வீட்டைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அவள் போன நாள் வரைக்கும் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன்.

"முப்பத்தொன்பது வருசம்" என்றேன்.